சிக்கன உபதேசமும் சில்லறைச் சந்தோஷங்களும்

வருமானம் குறைந்த குடும்பம் எப்படி வாழ வேண்டும் என்று யோசனை சொல்ல முன்வருகிறவர்கள், பத்திரிகையில் சேமிப்புப் பகுதி எழுதுகிறவராயினும், மேடையில் ஒழுக்கம் போதிக்கிறவராயினும், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு உலக விவகாரம் விளக்குகிற ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தராயினும், கடைசியில் ஒரே முடிவுக்குத்தான் வந்து சேருகிறார்கள். கை இறுக்கமாக இருக்கிற குடும்பம் முதலில் வாடகை, அரிசி, பருப்பு, பள்ளிச் செலவு ஆகியவற்றைத் தீர்க்க வேண்டும். அதற்குமேல் ஏதேனும் மிஞ்சினால் சேமிக்க வேண்டும். சேமிப்பும் போதிய அளவு திரண்ட பிற்பாடு, அப்போதும் ஆயுள் பாக்கி இருந்தால், முழம் மல்லிகையும் கடைவீதிக் காப்பியும் எப்போதாவது ஒரு சினிமாவும் அந்தக் குடும்பத்துக்கு மன்னிக்கப்படலாம் என்பதே அந்த முடிவு. இதை மறுத்துப் பேசுகிறவன் ஊதாரித்தனத்துக்கு வக்காலத்து வாங்குகிறவன் என்று பெயரெடுக்க நேரிடும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே சொல்கிறேன்: இந்த உபதேசம் கணக்கு என்ற முறையிலேயே பிழையானது, நியாயம் என்ற முறையில் பார்த்தால் பிழை இன்னும் பெரியது.

கணக்கிலிருந்தே தொடங்குவோம், எதிர்க்கட்சியார் மிகவும் நம்பியிருக்கும் ஆயுதம் அதுதான். நாளொன்றுக்கு 15 ரூபாய்க்கு டீ குடிக்கிற ஒருவர் அதை நிறுத்திவிட்டு, மாதம் 450 ரூபாயைப் பரஸ்பர நிதியில் போட்டுக்கொண்டே வந்தால், ஆண்டுக்கு 12 சதவீத வளர்ச்சி என்று வைத்துக்கொண்டு, 20 ஆண்டுகளில் ஏறக்குறைய நாலரை லட்சம் ரூபாய் சேரும் என்று அவர்கள் பெருக்கிக் காட்டுகிறார்கள். பெருக்கல் சரிதான். ஆனால் அதே 20 ஆண்டுகளில் விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறிக்கொண்டு போனால், அந்த நாலரை லட்சம் இன்றைய மதிப்பில் சுமார் ஒரு லட்சத்து நாற்பதாயிரமாகச் சுருங்கிவிடும் என்ற இரண்டாவது கணக்கை அவர்கள் போடுவதில்லை; 12 சதவீதம் என்பது யாரும் எழுதிக் கொடுத்த வாக்குறுதி அல்ல என்ற விஷயத்தையும் பொடி எழுத்தில்தான் அச்சிடுகிறார்கள். ஆக, ஒரு மனிதன் தன் தேகம் திடமாக இருக்கிற 20 ஆண்டுகளிலும், வெயிலில் செங்கல் சுமந்துவிட்டு வந்து நின்று நாலு பேரோடு பேசிக்கொண்டே குடிக்கிற டீயை ஏழாயிரத்துச் சொச்சம் தடவை தனக்குத் தானே மறுத்துக்கொண்டால், ஒரு பெரிய ஆபரேஷனுக்குப் போதுமா போதாதா என்று சொல்ல முடியாத ஒரு தொகை அவன் கைக்கு வரும். அந்த வியாபாரத்தில் லாபமா நஷ்டமா என்பதை டீயை விடச் சொல்கிறவர் தீர்மானிக்க முடியாது. அதுமட்டுமல்ல, அந்த டீக்கடை பெஞ்சில்தான் நாளைக்கு எந்தத் தெருவில் கான்கிரீட் போடுகிறார்கள், எந்த மேஸ்திரி கூலியைப் பாக்கி வைக்காமல் கொடுக்கிறார் என்ற செய்திகள் கிடைக்கின்றன. பெருக்கல் வாய்பாட்டில் அந்தச் செய்திக்கு இடமில்லை.

சேமிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சேமிப்பைப் பூக்காரியிடமிருந்து பிடுங்குவது பயனற்ற காரியம் என்றுதான் சொல்கிறேன். கடனில் அமிழ்ந்த குடும்பங்களின் சரித்திரத்தைச் சற்றுப் பொறுமையாக விசாரித்துப் பார்த்தால், அங்கே பெரும்பாலும் எதிர்ப்படுவது ஆஸ்பத்திரிச் சீட்டு, வேலை போன மாதம், பெண்ணின் கல்யாணம், பள்ளிக்கூடத்தின் ஜூன் மாத வசூல், இவற்றுக்காக வாங்கிய கடனின் வட்டி ஆகியவைதான். பத்து வட்டிக்கு வாங்கிய பத்தாயிரம் ரூபாய்க்கு மாதம் ஆயிரம் ரூபாய் வட்டி, வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம், அசல் அப்படியே நிற்கும். வெள்ளிக்கிழமைதோறும் 20 ரூபாய்க்குப் பூ வாங்குகிறவளின் வருஷச் செலவு 1,040 ரூபாய். கந்துவட்டிக்காரர் ஒரு வருஷத்தில் கொண்டுபோகிற பணம் அவளுடைய பதினோரு வருஷப் பூவுக்கு மேல் ஆகிறது. இவ்வளவு பிரத்தியட்சமான வித்தியாசத்தைக் கண்டும், உபதேசிகள் வட்டிக்காரரைப் பற்றி மௌனம் சாதித்துவிட்டுப் பூவைப் பற்றி வாய் திறப்பதற்குக் காரணம் ஒன்றுதான்: பூ கண்ணுக்குத் தெரிகிறது, வட்டி தெரிவதில்லை. குடி விஷயம் வேறு. டாஸ்மாக் வாசலில் ஒருவன் கரைக்கிற கூலிக்கு அவன் பெண்டாட்டியும் பிள்ளைகளும் விலை கொடுக்கிறார்கள். அதை வீட்டின் சந்தோஷம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் குடிக்கு எதிராகச் சொல்லத் தகுந்த நியாயங்களையெல்லாம் எடுத்துக் காப்பியின் தலையிலும் சினிமாவின் தலையிலும் கொட்டுவது நமக்குப் பழைய வழக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்குள் காப்பி பரவியபோது அதைக் கள்ளுக்குச் சமமாக வைத்து ஏசினவர்கள் இருந்தார்கள், ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலைப் படிக்கிறவர்கள் அந்த ஏச்சுகளை ரசிக்கலாம். ஏசினவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று டிகிரி காப்பியைத் தமிழ்ப் பண்பாட்டின் சின்னமாக விளம்பரம் செய்கிறார்கள்.

இந்த உபதேசத்தின் அடியில் கிடக்கும் தத்துவத்தை மூடுதுணியில்லாமல் பார்க்க விரும்புகிறவர்கள், 1901-ல் வெளியான ஓர் ஆங்கில நூலைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் சாக்லேட் தொழிற்சாலை நடத்திய குடும்பத்தில் பிறந்த சீபோம் ரௌண்ட்ரீ, தம் ஊர்த் தொழிலாளர் குடும்பங்களை வீடு வீடாக விசாரிக்கச் செய்து, தாய் தகப்பனும் மூன்று குழந்தைகளும் கொண்ட ஒரு குடும்பம் உடம்பில் வேலை செய்யும் வலு குன்றாமல் உயிரோடிருப்பதற்கு மட்டும் வாரத்துக்கு 21 ஷில்லிங் 8 பென்ஸ் வேண்டும் என்று வரையறுத்தார். அதோடு நிற்காமல், அந்தத் தொகைக்குள் வாழ்கிற குடும்பம் என்னென்ன செய்யக்கூடாது என்பதையும் விவரித்தார். ரயிலிலோ பஸ்ஸிலோ ஏறக்கூடாது; பத்திரிகை வாங்கக்கூடாது; கச்சேரிக்கு டிக்கெட் எடுக்கக்கூடாது; தபால் செலவுக்கு வழியில்லையாதலால் வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் போடக்கூடாது; மாதா கோவிலுக்குக் காணிக்கையோ, பணமாகக் கொடுக்கும் உதவியானால் அண்டை வீட்டாருக்கு உதவியோ கூடாது; குழந்தைகளுக்குப் பொம்மையும் கோலிக்குண்டும் மிட்டாயும் கூடாது; தகப்பனுக்குப் புகையிலை கூடாது; தாய்க்கு அழகான துணி கூடாது. சாக்லேட் வியாபாரியின் பிள்ளை மிட்டாயையும் பட்டியலிலிருந்து தள்ளினார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் ரௌண்ட்ரீ மனமறிந்தே இதைச் செய்தார். மனிதனை மாட்டுக்குச் சமமாக வைத்து, தீனிக் கணக்கு மட்டும் பார்த்தாலும்கூட, யார்க் நகரத்தில் ஒழுங்காக உழைக்கிற பல குடும்பங்களுக்கு அந்தத் தீனிக்கும் கூலி போதவில்லை என்று நாட்டாரின் முகத்தில் அறைந்தாற்போல் நிரூபிப்பதே அவருடைய நோக்கம். அவர் குற்றப் பத்திரிகையாக எழுதியதைத்தான் நம்முடைய ஆலோசகர்கள் யோசனைப் பட்டியலாகத் திருப்பி எழுதுகிறார்கள். அவரே 1936-ல் அதே நகரத்தை மறுபடி ஆராய்ந்தபோது, பத்திரிகையையும் ரேடியோவையும் குறைந்தபட்சத் தேவைக்குள் சேர்த்துக்கொண்டார் என்பது அவர்களுக்கு எட்டவில்லை போலும்.

நம் நாட்டிலும் இந்தத் தீனிக் கணக்கு வெகுகாலம் அரசாங்கத்தின் ஆஸ்தான வித்தையாக இருந்து வந்தது. கிராமத்து மனிதனுக்கு 2,400 கலோரி, நகரத்து மனிதனுக்கு 2,100 கலோரி என்று 1979-ல் ஒரு நிபுணர் குழு வரையறுக்க, அதைச் சுற்றியே வறுமைக்கோடு இழுக்கப்பட்டது. 2011-ல் திட்டக் கமிஷன் உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில், நகரத்தில் நாளொன்றுக்கு 32 ரூபாயும் கிராமத்தில் 26 ரூபாயும் செலவழிக்க முடிந்தவன் ஏழையல்லன் என்று எழுதியதும், அதைக் கேட்டு நாடே சிரித்ததும் பலருக்கு நினைவிருக்கும். சிரித்தவர்கள் பலரும், வீட்டு வேலை செய்கிற பெண் ஸ்மார்ட்போன் வைத்திருப்பதைக் கண்டால் முகம் சுளிக்கிறவர்கள் என்பதுதான் வேடிக்கை. கமிஷனின் கணக்கும் இவர்களுடைய முகச்சுளிப்பும் ஒரே கொள்கையின் இரண்டு உருவங்கள். இதற்கு நேர்மாறான ஒரு கொள்கை நம் நாட்டிலேயே, சட்டத்தின் அங்கீகாரத்தோடு, இருந்து வருகிறது. 1957-ல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலிக்கு அளவுகோல் வகுத்தது: இத்தனை கலோரி உணவு, நால்வர் கொண்ட குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கஜம் துணி, ஏழைத் தொழிலாளர் குடியிருப்புக்கு உரிய வாடகை, விளக்கு, விறகு முதலிய சில்லறைச் செலவுகளுக்கு மொத்தக் கூலியில் 20 சதவீதம். அந்த அளவுகோல் போதாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றம், ரெப்டகோஸ் பிரெட் கம்பெனித் தொழிலாளர் வழக்கில், ஓர் உறுப்பைப் புதிதாகச் சேர்த்தது. குழந்தைகளின் கல்வி, வைத்தியம், பண்டிகைகளும் சடங்குகளும் அடங்கிய குறைந்தபட்சப் பொழுதுபோக்கு, முதுமைக்கும் கல்யாணத்துக்கும் வேண்டிய ஏற்பாடு ஆகியவற்றுக்காக மொத்தக் குறைந்தபட்சக் கூலியில் 25 சதவீதம் இருக்க வேண்டும் என்றது. குறைந்தபட்சக் கூலியிலேயே பண்டிகையும் பொழுதுபோக்கும் அடக்கம் என்று நாட்டின் தலைமை நீதிமன்றம் எழுதி முப்பது வருஷங்களுக்கு மேலாகிறது. பூவும் பலகாரமும் மிச்சப் பணத்தின் விவகாரம் என்று இன்னும் போதிக்கிறவர்கள், சட்டத்துக்கும் பின்தங்கி நிற்கிறார்கள்.

சட்டம் வரும்வரை ஏழைக் குடும்பங்கள் காத்திருக்கவில்லை என்பதைத் தெரிந்துகொள்ள, தமிழ்நாட்டில் எந்த ஊரின் எந்தத் தெருவிலும் நடக்கிற தீபாவளிப் பலகாரச் சீட்டைப் பார்த்தாலே போதும். தெருவில் நாணயத்துக்குப் பெயர்பெற்ற ஒரு பெண் அதை நடத்துவாள். வாரம் ஐம்பதோ நூறோ. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே வீடு வீடாக வருவாள், அல்லது பிள்ளையை அனுப்புவாள். ஒவ்வொரு வீட்டிலும் ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாகச் செருகிவைத்த ஓர் அட்டை இருக்கும். அதில் வாரக் கட்டங்கள். பணம் கொடுத்த வாரத்துக்கு ஒரு கோடும் அவளுடைய முதலெழுத்தும். ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரம் இரண்டாகக் கேட்பாள். மூன்று வாரம் தவறினால் வாசலில் உட்கார்ந்துகொண்டு காப்பி கேட்பாள், அதுவே போதிய அவமானம். ஐப்பசி பிறந்ததும், மைதாவும் கடலை மாவும் சர்க்கரையும் வெல்லமும் எண்ணெயும் நெய்யும் ஒரு பட்டாசுப் பெட்டியும், நடத்துகிறவள் தாராளக்காரியானால் ஓர் எவர்சில்வர் டப்பாவும் அட்டைக்காரர்களின் வீடு வந்து சேரும். சீட்டுப் பணத்தோடு ஊரைவிட்டு ஓடினவர்களும் உண்டு. அவர்களைப் பற்றிய வயிற்றெரிச்சலும் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. ஆனால் உபதேசி கவனிக்க வேண்டியது வேறு. எந்தக் குடும்பத்தைப் பார்த்து, இதற்குத் திட்டமிடத் தெரியாது, கையில் காசு வந்தால் அன்றே கரைத்துவிடும் என்று அவர் தீர்ப்புச் சொன்னாரோ, அந்தக் குடும்பம் ஒரு நாள் சந்தோஷத்துக்காக ஒரு வருஷம் முழுதும் தவணை கட்டுகிறது. சேமிக்கும் ஒழுக்கத்தை அதற்குக் கற்றுக் கொடுத்தது அதிரசம்தான். வங்கி அதிகாரியின் சொற்பொழிவு அன்று. இந்த ஒழுக்கம் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதும் அன்று. பிற்பாடு நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும் 2007-ல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை, ராஜஸ்தானத்து உதய்பூர் மாவட்டத்தின் பரம ஏழைகளில் நடுத்தரமான ஒரு குடும்பம் தன் வருஷச் செலவில் 10 சதவீதத்தைத் திருவிழாக்களுக்கு ஒதுக்குவதாகக் கூறுகிறது. அரைவயிற்றுக்காரர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று அதிசயிக்கிறவர்கள், வருஷத்தில் ஒரு நாளாவது தம் வீட்டுக்கு வந்த விருந்தாளியின் முன்னால் தலைநிமிர்ந்து நின்றவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்கட்டும்.

கொடுப்பதும் ஒரு சந்தோஷம் என்பதை இந்தச் சிக்கன சாஸ்திரம் அறவே மறந்துவிடுகிறது. புறநானூற்றுப் பெருஞ்சித்திரனார், வீட்டில் பசியோடு காத்திருந்த மனைவி மக்களை வைத்துக்கொண்டு, முதிரமலைக் குமணனிடம் பெருஞ்செல்வம் பரிசிலாகப் பெற்று வந்து சேர்ந்ததும் மனைவியிடம் சொன்னது இந்த விஷயத்தில் ஒரு பிரமாணம். உன்னை விரும்புகிறவர்களுக்கும், நீ விரும்புகிறவர்களுக்கும், சுற்றத்தாருக்கும், நம் பசிக்காலத்தில் கடன் கொடுத்தவர்களுக்கும், என்னைக் கேட்காமலே கொடு. நாம் மட்டும் வளமாக வாழ்வதற்கென்று வைத்துக்கொள்ளாதே என்றார் அவர். கடன்காரரை அவர் மறக்கவில்லை என்பதைக் கணக்குப் பிள்ளைகள் குறித்துக்கொள்ளலாம். இன்றைய ஆலோசகர் ஒருவர் அந்தக் குடிசை வாசலில் நின்றிருந்தால், முதலில் ஆறு மாதச் செலவுக்கு அவசர நிதி, அப்புறம் ஆயுள் காப்பீடு, மிச்சமிருந்தால் சுற்றத்தார் என்று வரிசைப்படுத்திக் கொடுத்திருப்பார். புலவரின் மனைவிக்கோ, முந்தின வாரம் நாழி அரிசி கொடுத்த அண்டை வீட்டுக்காரியின் முகம் நினைவிலிருந்திருக்கும். கொழுக்கட்டை செய்த நாளில் நாலு வீட்டுக்குத் தட்டு போவதும், அந்தத் தட்டு வெறுமையாகத் திரும்பாததும், இன்றும் வருமானம் குறைந்தவர்களின் தெருக்களில் நடக்கிற காரியங்கள். ஒரு குழந்தைக்கு நள்ளிரவில் ஜுரம் கண்டால் ஆட்டோவுக்குப் பணம் கிடைப்பது அந்தத் தட்டுகள் போய்வந்த வீடுகளிலிருந்துதான்.

இனி, காசே செலவாகாத சந்தோஷங்களைப் பற்றி. உபதேசிகளுக்கு இவை மிகவும் பிடிக்கும். கடற்கரைக்குப் போங்கள், மொட்டை மாடியில் நிலாவைப் பாருங்கள், நூலகத்தில் புத்தகம் எடுங்கள் என்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் இலவசமாகக் கிடைக்கிறவை எல்லாம் யாரோ பணம் போட்டு வைத்தவை என்பதை அவர்கள் சொல்வதில்லை. 1931-ல் மன்னார்குடிக்கு அருகில் மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்களே, அந்த வண்டிக்கும் மாட்டுக்கும் யாரோ கொடுத்தார்கள். 1948-ல் சென்னை மாகாணம் சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றி, வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலித்ததால்தான் சின்ன ஊர்களிலும் கிளை நூலகம் உண்டாயிற்று. கடற்கரைக்குப் போகப் பஸ் வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிப் போகலாம் என்று தமிழக அரசு ஏற்பாடு செய்தபோது, நிலா பார்க்கச் சொன்ன அதே வாய்கள் வேறு பாட்டுப் பாடின. வேலைக்குப் போகிறவளுக்குச் சரி. அக்கா வீட்டுக்கும் கோவிலுக்கும் சும்மா சுற்றுவதற்கும் அரசாங்கப் பணமா என்று கேட்டார்கள். நான் கேட்கிறேன், ஏன் கூடாது? பிறந்த வீட்டைப் பார்க்கப் போவதற்கு இருபது ரூபாய் பஸ் கட்டணத்தைக் கணவனிடம் கேட்டு நிற்க வேண்டியிருந்த பெண், இன்று யாரையும் கேட்காமல் பஸ் ஏறுகிறாள் என்றால், அந்தப் பிரயாணத்துக்கு ஆபீஸ் என்ற நியாயம் வேறு வேண்டுமா? சந்தோஷத்துக்காகப் பிரயாணம் செய்யும் உரிமை கார் வைத்திருப்பவருக்கு மட்டும் உண்டு என்று எந்த சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது? 2006-ல் கலர் டிவி கொடுக்கப்பட்டபோதும் இதே பேச்சுத்தான். அதில் வோட்டுக் கணக்கு இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. அடுத்த வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று படம் பார்த்த பிள்ளைகள் தம் வீட்டுப் பாயில் உட்கார்ந்து பார்த்தார்கள் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

இவ்வளவும் சொன்ன பிறகு, நான் கொஞ்சமும் சேர விரும்பாத ஒரு கோஷ்டி என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளப் பார்க்கும் என்று தெரிகிறது. ஏழ்மையில்தான் நிஜமான ஆனந்தம் இருக்கிறது, பணக்காரனுக்குத் தூக்கம் வராது, குடிசையில் சிரிப்பொலி கேட்கிறது என்று ஏர்-கண்டிஷன் அறையிலிருந்து எழுதுகிறவர்களைச் சொல்கிறேன். சிக்கன உபதேசியாவது ஏழையை முன்னேறச் சொல்கிறார். இவர்களோ இருக்கிற இடத்திலேயே இருக்கச் சொல்கிறார்கள். வள்ளுவர் நல்குரவு என்று ஒரு முழு அதிகாரத்தை வறுமைக்கு ஒதுக்கினார். அந்தப் பத்துக் குறளில் ஒன்றிலாவது அதைப் புகழவில்லை. இறுக்கமான பட்ஜெட்டில் வாழ்கிறவள் பூ வைத்துக்கொள்வது இறுக்கம் இனிமையானது என்பதற்குச் சாட்சியாகாது. இறுக்கம் தன்னை முழுதும் தின்றுவிட அவள் சம்மதிக்கவில்லை என்பதற்கே சாட்சி. அந்தப் பூவைக் காட்டி, பார், இவ்வளவு கூலியிலேயே எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள் என்று கூலியை உயர்த்த மறுக்கிற முதலாளி, பூவைப் பிடுங்கச் சொல்கிற உபதேசியைக் காட்டிலும் மோசமானவர்.

இதைப் படிக்கிறவர்களில் பலர், பாத்திரம் தேய்க்கிறவருக்கோ, வண்டி ஓட்டுகிறவருக்கோ, கடைப் பையனுக்கோ மாதா மாதம் சம்பளம் எண்ணிக் கொடுக்கிறவர்களாக இருப்பீர்கள். அவர்கள் எதை வாங்குகிறார்கள், எந்தப் படத்துக்குப் போகிறார்கள் என்ற ஆராய்ச்சியை இன்றோடு விட்டுவிடுங்கள். உச்ச நீதிமன்றம் சொன்ன அந்த 25 சதவீதம் உங்கள் வீட்டுச் சம்பளத்தில் இருக்கிறதா என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால், அடுத்த மாதம் சம்பளம் பேசும்போது அரிசி விலையோடு பூ விலையையும் விசாரித்துக்கொண்டு பேசுங்கள்.